விருத்தாம்பாளின் மூன்று குடங்கள்

குடத்துக்கு ஓட்டை போட்டது அவள் இல்லை என்கிறேன், நீங்கள் திரும்பத் திரும்ப அதையே சொல்கிறீர்கள். மாமனார் உயிரோடு இருக்கும்போதே வீட்டில் கொள்ளிக்குடம் கட்டினவள் என்கிறாள் ஒருத்தி. புருஷனுக்குத் தெரியாமல் செய்தாள் என்கிறாள் இன்னொருத்தி. இப்படிப் பேசுகிறவர்களில் ஒருத்தியாவது அந்த வீட்டுக்குள் இருந்தாளா? நான் இருந்தேன். விருத்தாம்பாள் மூத்த மருமகள், நான் இளையவள். ஒரே அடுப்பை இரண்டு பேரும் ஊதியிருக்கிறோம். ஆகவே குறுக்கே பேசாமல் கேளுங்கள். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். கண் நன்றாகத் தெரியும்.

அபிஷேகப்பாக்கத்தில் சுப்பராயலு என்றால் அப்போது எல்லோருக்கும் தெரியும். அவர்தான் எங்கள் மாமனார். மாமியார் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்விட்டார். மூத்த மகன் தணிகைவேல், விருத்தாம்பாளின் புருஷன், எனக்கு மூத்தார். இளையவர் அரிகிருஷ்ணன், என் வீட்டுக்காரர். நஞ்சை கொஞ்சம், ஒரு வண்டி, நாலு மாடு. ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டைக்கு முன்னால், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் நன்றாகக் கால் ஊன்றியிருந்த காலம்.

விருத்தாம்பாள் மண்ணாடிப்பட்டுப் பக்கம் பிறந்தவள். அங்கே கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்குமாம். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், செம்பில் கொடுத்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். "மருமவ மோப்பம் புடிக்கறா பாரு" என்று பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் சிரித்தாள். கெங்கம்மாள் எங்கள் மாமனாரின் தங்கை. எங்களுக்குப் பெரியம்மா மாதிரி, சின்ன மாமியார் மாதிரி, போலீஸ்காரன் மாதிரி.

எங்கள் கிணறு உப்பு. குடிக்கிற தண்ணீர் குளத்திலிருந்துதான். ஒரு கரையில் நாங்கள் மொண்டுகொள்வோம், எதிர்க்கரையில் மாடு இறங்கும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் பச்சையாகக் குழம்பிக் கிடக்கும். தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் உரசி வைப்போம், சேறு அடியில் தங்கிவிடும். நாற்றம் தங்காது. அது மேலேயே நிற்கும். பழகிவிட்டால் மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. அந்தக் கோடையில் ஊரில் பேதி வந்தது. புதுச்சேரி ஆசுபத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். குழந்தை திரும்பி வரவில்லை.

அங்கே தண்ணீர் ஊற்றும் வேலையில் வீராம்பட்டினத்துக்காரி ஒருத்தி இருந்தாளாம், சின்னபொண்ணு என்று பேர். அழுதுகொண்டிருந்த விருத்தாம்பாளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், ஒரு மரச் சட்டத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்த மூன்று பானைகளைக் காட்டியிருக்கிறாள்.

"மேல ஊத்தறது நீ குடிக்கற மாதிரித் தண்ணிதாம்மா. அடியில வர்றது நாங்க குடுக்கறது. நடுவுல மந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மணலு, கரி, கல்லு. வடிஞ்சி வந்ததையும் காய்ச்சித்தான் குடுக்கணும், அதுக்குச் சோம்பல் படாத."

ஊருக்கு வந்தவள் பத்துப் பதினைந்து நாள் வாய் திறக்கவில்லை. திறந்தபோது குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. "கஸ்தூரி, நமக்கு மூணு கொடம் வேணும்டி" என்றாள்.

குயவர் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். மூன்று குடத்தில் இரண்டுக்கு அடியில் ஓட்டை போட்டுச் சுட்டுத் தரச் சொன்னாள். குயவர் பெண்சாதி கையில் இருந்த களிமண்ணைக் கீழே போட்டுவிட்டாள்.

"எம்மா, இன்னா பேச்சு பேசறீங்க? ஓட்டைக் கொடம் எதுக்குன்னு தெரியாதா? எங்க சூளையிலேர்ந்து ஓட்டையோட ஒரு சாமானும் வெளிய போவாது. எங்க வூட்லயும் ஆம்பள உசுரோட இருக்காரு."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். சிதையில் கிடத்தியபின் மூத்த பிள்ளை தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வருவான். ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் கத்தியால் ஒரு ஓட்டை விழும். தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போட்டு உடைப்பான். நம் ஜனங்களுக்கு அடியில் சொட்டுகிற குடம் என்றால் அது ஒன்றுதான். குயவர் பெண்சாதி விளிம்பு உடைந்து விலை போகாமல் கிடந்த குடங்களைக் கொஞ்சம் நெல்லுக்குக் கொடுத்தாள், ஓட்டை இல்லாமல்.

குடங்களைப் பார்த்ததும் என் மூத்தார் சிரித்தார். அப்போது அவர் நல்ல மனுஷர்தான், அதை நான் மறைக்க மாட்டேன். கைவேலை தெரிந்தவர், வண்டிக்கு அச்சாணி கூடத் தானே செதுக்குவார்.

"கொயவன் மாட்டேன்னா வுடு. நான் போடறன்."

"பக்கத்து வூட்டு அத்த கேட்டா?" என்றாள் விருத்தாம்பாள்.

"எவ கேட்டாலும் எம் பேரச் சொல்லு. எங் கொடம், எங் கை. எங்கப்பன் கல்லு மாதிரி இருக்கான், ஒரு ஓட்டைக்கா பூடுவான்?"

மாட்டுக்கொட்டகையில் வைத்துத்தான் போட்டார். பட்டப்பகல், நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். குடத்துக்குள் ஈர மணலை அடைத்துக் கவிழ்த்து வைத்தார். வண்டி ஆணி ஒன்றை எடுத்து, அடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைகிற மாதிரி உருட்டினார். அடித்தால் குடம் பிளந்துவிடும். அவள் ஆணி முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். முதல் குடம் விரிசல் விட்டுப்போயிற்று. அவர் அதையே அடிக்குடமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "கீழக் கொடம் ஒழுகினா மேல எதுக்குங்க வடிக்கறது?" என்றாள். மறுபடியும் நெல் அளந்து வேறொன்று வாங்கிவந்தோம். அடுத்த இரண்டும் சுத்தமாக விழுந்தன, சுண்டுவிரல் நுழைகிற அளவு. ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டி அவர் சிரித்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

மணல் பெண்ணையாற்று மணலாக இருக்க வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்து மணலில் களி கலந்திருக்கும். கடலூருக்கு வெல்லம் ஏற்றிப் போன வண்டி திரும்பும்போது மூத்தார் ஒரு மூட்டை மணலைப் போட்டுக்கொண்டு வந்தார். இங்கிலீஷ்காரன் எல்லை முடிகிற இடத்துச் சுங்கச் சாவடியில் சேவகன் நிறுத்தி, கம்பியால் மூட்டையைக் குத்திக் குத்திப் பார்த்தானாம்.

"இன்னாய்யா இது, வெறும் மணலா? யாருக்கு?"

"எம் பொண்டாட்டிக்கு. மண்ணு திங்கறா."

"மசக்கையா? அதுக்கு ஒரு மூட்டையா?"

"கொஞ்சமாத் திங்கற குடும்பத்துல பொண்ணு எடுக்கல சாமி."

இதை வீட்டில் வந்து சொன்னபோது விருத்தாம்பாள் சிரித்துவிட்டாள். குழந்தை போனதற்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன்.

கரிக்குக் காசு செலவழிக்கவில்லை. தெருவெல்லாம் போய்க் கொட்டாங்கச்சி பொறுக்கினோம். கொல்லையில் குழி வெட்டிக் கொளுத்தி, நன்றாகச் சிவந்ததும் மண்ணைத் தள்ளி மூடினோம். மறுநாள் தோண்டினால் கணகணவென்று கரி. சுண்டைக்காய் அளவுக்கு உடைத்துக் கழுவினாள். மணலையும் கழுவினாள், கழுவினாள், அப்படிக் கழுவினாள். கலங்கல் நிற்கிறவரை விடமாட்டாள். நடுக்குடத்து ஓட்டையில் தேங்காய் நாரை அடைத்து, உள்ளே கூழாங்கல், அதன்மேல் பருமணல், அதன்மேல் கரி, அதன்மேல் மறுபடியும் பொடிமணல். மேல்குடத்தின் ஓட்டையில் துணித் திரி, தண்ணீர் மெதுவாக இறங்குவதற்கு. மூங்கில் கால் நட்டு மூன்றையும் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஏற்றி வைத்தார் மூத்தார்.

முதல் நாள் கறுப்பாக வந்தது. கெங்கம்மாள் எட்டிப் பார்த்து, "கரித்தண்ணி குடிக்கறதுக்கா இவ்ளோ கூத்து?" என்றாள். பிறகு குடத்தின் அடியில் சொட்டுவதைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "இன்னாடி இது, எழவு வூட்டுக் கொடமாட்டம்" என்று வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

மாமனாரோ அதன் எதிரில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா பெரியவளே, எனக்கும் வயசாயி இப்படித்தாம்மா சொட்டு சொட்டாப் போவுது. என்னையும் அந்தக் கால்மேல ஏத்தி வுட்டுடேன்." நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினோம்.

கறுப்பு நின்று தண்ணீர் தெளிந்து வந்தது. அதை அவள் காய்ச்சி ஆறவைத்து மாமனாருக்குக் கொடுத்தாள். அவருக்கு எப்போதும் வயிற்று உபத்திரவம். அந்த மழைக்காலத்தில் ஒரு தடவைகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. வெளியூர் போனால் அந்தத் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் கட்டிக்கொண்டு போவார். மூத்தார் வயலில் இருந்து வந்தால் வேறு தண்ணீரைத் தொடமாட்டார். கெங்கம்மாளும் தன் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் வந்தாள். விருத்தாம்பாள் ஒன்றும் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தாள்.

தை முடிகிற சமயம் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார் மாமனார். முறத்தைக் கீழே வைத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு வைக்கோல்மேல் சாய்ந்தவர்தான். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆள் அறுபதைத் தாண்டி வெகுநாள் ஆகியிருந்தது. சுடுகாட்டில் மூத்தார் குடம் சுற்றி உடைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் கொல்லைப்பக்கம் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. தன் கையால் போட்ட ஓட்டையும் தன் தோளில் ஒழுகிய தண்ணீரும் அவர் மனதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பயந்திருப்பார். அது எனக்குப் புரிகிறது. பயப்படட்டும். அதற்குமேல் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கருமாதி அன்று வாசலில் பந்தல் போட்டு, பங்காளிகள் எல்லாம் கூடியிருந்தார்கள். சடங்கு முடிந்ததும் மூத்த மகனுக்கு உருமா கட்ட வேண்டும். தலைப்பாகை கட்டி, இனி இவன்தான் இந்த வீட்டுக்குப் பெரியவன் என்று சபையில் உட்காரவைப்பது. அந்தத் துணியைப் பெண் கொடுத்த வீட்டார் கொண்டுவருவார்கள். விருத்தாம்பாளின் அண்ணன் குழந்தைவேல் மண்ணாடிப்பட்டிலிருந்து வந்து, புதுத் துணியைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கெங்கம்மாள் தலைவிரி கோலமாக நடுவில் வந்து நின்றாள். அவளுக்கும் அண்ணன் செத்த துக்கம், இல்லை என்று சொல்லவில்லை.

"உருமா அப்பறம் கட்டலாம். ஒண்ணு கேக்கறன். எங்கண்ணன் உசுரோட இருக்கச் சொல்லவே இந்த வூட்ல ஓட்டைக் கொடம் சொட்டிக்கினு இருந்துதே, அத யாரு போட்டது? பெத்தவன் இருக்கும்போது மூத்த புள்ள தங் கையால ஓட்டை போட்டிருந்தா அவன் தலையில எப்படி உருமா ஏறும்?"

பங்காளிகள் நாட்டாண்மையைத் திரும்பிப் பார்த்தார்கள். நாட்டாண்மை தொண்டையைக் கனைத்தார். "தணிகைவேலு, சொல்லுப்பா. நீயா போட்ட?"

விருத்தாம்பாள் நடையில் நின்றிருந்தாள், அவள் பின்னால் நான். அவள் முகத்தில் கலக்கமே இல்லை. அவர் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். எங் கொடம், எங் கை என்று சொன்னவர் அல்லவா.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் கடலூரு போயிருந்தன். திரும்பி வந்து பாத்தா கட்டி வெச்சிருந்தா. பொம்பளைங்க சமாச்சாரம்னு வுட்டுட்டன்."

மூத்தார் எதிரில் இளையவன் பெண்சாதி நின்று பேசுவது அந்த நாளில் கிடையாது, நிழல்கூடப் படக் கூடாது. நான் நடையைத் தாண்டி வாசலுக்கு வந்தேன்.

"அவர்தாங்க போட்டாரு! மாட்டுக்கொட்டாயில, வண்டி ஆணியால. நான் சாணி அள்ளிக்கினு பாத்தன். ஓட்டையில வெரல வுட்டு ஆட்டிச் சிரிச்சாரு!"

என்ன ஆயிற்று தெரியுமா? பங்காளி ஒருவர் சிரித்தார். "அடேங்கப்பா, சின்ன மருமவளுக்கு உருமா தன் புருஷன் தலைக்கு வரணும்னு ஆச." அவ்வளவுதான், என் வார்த்தை அங்கேயே செத்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போய், என் கையைப் பிடித்து முறுக்கி உள்ளே தள்ளினார். "அண்ணன் எடத்துக்கு நான் அலையறன்னு ஊரு பேசணுமாடி?" என்றார். அவருக்கும் தெரியும் யார் போட்டது என்று. மூங்கில் கால் நடும்போது கூடப் பிடித்தவர் அவர்.

நாட்டாண்மை தீர்ப்புச் சொன்னார். தெரியாமல் செய்த பெண்பிள்ளை, பெரிய தண்டனை வேண்டாம். மறுநாள் காலையில் மூன்று குடத்தையும் அவளே தெருவில் போட்டு உடைத்து, தலை முழுகி, கெங்கம்மாள் காலில் விழுந்தால் போதும்.

குழந்தைவேல் தட்டோடு அப்படியே நின்றார். தங்கச்சியைப் பார்த்தார். பெண் கொடுத்த வீட்டார் துணியை மடித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம், யார் தடுப்பார்கள்? அவர் கேட்டது என்ன தெரியுமா? "இன்னாம்மா செய்யறது, சபையில நிக்கறமே?"

விருத்தாம்பாள் அவர் கையில் இருந்த தட்டைக் காட்டினாள். "கட்டுண்ணே" என்றாள். "அதுக்குத்தான வந்த."

அவர் கட்டினார்.

பந்தி ஆரம்பித்தது. நான் கொல்லைக் கிணற்றடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். விருத்தாம்பாள் அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்போது மூத்தார் சந்து வழியாக வந்தார், தலையில் புது உருமாவோடு. இரண்டு பக்கமும் பார்த்தார். நேராகத் தாழ்வாரத்துக்குப் போய், அடிக்குடத்தில் டம்ளரை விட்டு மொண்டு, மடக் மடக்கென்று குடித்தார். மறுபடியும் மொண்டார். காலையிலிருந்து பந்தலில் வைத்த குளத்துத் தண்ணீரை அவரால் குடிக்க முடியவில்லை போலிருக்கிறது.

திரும்பும்போதுதான் அவளைப் பார்த்தார். டம்ளரை மறைக்கப் பார்த்தார், எங்கே மறைப்பது?

"கோவிச்சிக்காத விருத்தா" என்றார் மெதுவாக. "சபையில வேற இன்னா சொல்ல முடியும்? நாளைக்கி ஒடச்சிடு. நாலு மாசம் போவட்டும். வேற கொடம் வாங்கியாந்து நானே ஓட்டை போட்டுத் தரன்."

"எங்க வெச்சி?"

"இங்கதான். மாட்டுக்கொட்டாயில. ஒருத்தருக்கும் தெரியாம."

அவள் எழுந்தாள். "வாசல்ல எல்லாரும் இருக்காங்க. இப்ப சொன்னீங்களே, நானே போட்டுத் தரன்னு. அந்த ஒரு வார்த்தய அங்க வந்து சொல்லுங்க. அத்த கால்லயும் வுழறன், கொடத்தையும் ஒடைக்கறன், எத வேணும்னாலும் செய்யறன்."

"பைத்தியமாடி ஒனக்கு? உருமா கட்டின தலையோடயா?"

உருமாவின் தொங்கலால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் துடைத்தார்.

விருத்தாம்பாள் உள்ளே போய் மாற்றுப் புடவை ஒன்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். நான் கரிக்கையோடு ஓடி அவள் கையைப் பிடித்தேன். "எங்கக்கா போற?"

"தெரியல கஸ்தூரி. இந்த வூட்டுத் தண்ணி இனிமே எனக்கு எறங்காது."

"அண்ணன் வண்டியிலயாச்சும் போக்கா."

"அவன் சாப்புடறான். சாப்புடட்டும்."

கொல்லை வழியாகப் போகலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் நடையைக் கடந்து வாசலுக்குத்தான் போனாள். இரண்டு வரிசை இலைக்கு நடுவில், குழம்பு வாளி தூக்கிவந்தவன் ஒதுங்கி வழிவிட, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். "ஏய் பெரியவளே, எங்க போற? பந்திக்கு மோரு கேக்கறாங்க பாரு!" என்றாள் கெங்கம்மாள். குழந்தைவேல் பிசைந்த சோற்றோடு பாதி எழுந்தார், பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

மூத்தார் நடை வரைக்கும் வந்தார். அவர் வாய் திறந்ததைப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நாட்டாண்மை, "வாப்பா பெரியவனே, ஒனக்குத்தான் எல போட்டுக் காத்துக்கினு இருக்கு" என்றார். அவர் வாயை மூடிக்கொண்டு போய் இலையில் உட்கார்ந்தார்.

அவள் பந்தலைத் தாண்டி வெயிலில் இறங்கி, வில்லியனூர்ப் பக்கம் போகிற வண்டிப்பாதையில் திரும்பினாள்.